பரிசலின் தாரும் படகின் தேக்கும்

நீரிலே மிதக்கும் மரத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று நீர், மற்றொன்று வெயில். நீருக்கு எல்லாரும் அஞ்சுகிறோம். வெயிலை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் படகின் வெளிப்புறத்தை முதலில் கெடுப்பது பெரும்பாலும் வெயிலேதான். வெயில் திறந்துவிட்ட கதவின் வழியாகத்தான் நீர் உள்ளே நுழைகிறது. உலகம் புகழும் தேக்குமரப் படகையும் எங்கள் ஊர்ப் பரிசலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

எங்கள் ஊர் கோபிநத்தம். மாதேசுவரன் மலையிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகும் காட்டு வழியில் இருப்பது. 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுக்காவைச் சேர்ந்திருந்து, பிறகு மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. மேட்டூர்ப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊரின் பெயரைச் சொன்னதும் விடுதி நண்பர்கள் மீசையை முறுக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். அங்கே காவிரி இருக்கிறது. காவிரியின்மேல் பரிசல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் தேக்கைக் காண்போம். படகுக்கு ஏற்ற மரம் எது என்று உலகத்தில் எந்தத் தச்சனைக் கேட்டாலும் அவன் சொல்லும் சொல் நம்முடையது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய ‘தேக்கு’ போர்த்துகீசியர் வாயில் ‘டெக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. தாவரவியலார் சூட்டிய ‘டெக்டோனா’ என்ற பெயருக்கும் வேர் அதுவே. 1840களில் மலபார்க் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியது கப்பல் மரத்துக்காகத்தான். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டிய ‘திரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல், பழுதுபார்க்கப்பெற்று, இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. இருநூறு ஆண்டு மிதந்த மரம்!

இந்த வலிமைக்குக் காரணம் என்ன? தேக்கின் வைரப்பகுதியில் எண்ணெய்ப் பசை உண்டு. இரப்பரைப் போன்ற ஒரு பொருளும் உண்டு. ‘டெக்டோகுவினோன்’ என்ற இரசாயனப் பொருளும் உண்டு. இவை நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. பூஞ்சையையும் கறையானையும் அண்டவிடுவதில்லை. நனைந்தாலும் காய்ந்தாலும் தேக்கு அதிகமாக வீங்குவதும் சுருங்குவதும் இல்லை. இழைப்புளியின் கூர் விரைவில் மழுங்குகிறதே என்று தச்சர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். தேக்கினுள் மணலின் இனமான சிலிக்கா இருப்பதே அதற்குக் காரணம்.

இத்தனை இருந்தும் வெயிலில் கிடக்கும் தேக்கு சில மாதங்களில் பொன்னிறம் இழந்து சாம்பல் நிறமாகிறது. மர இழைகளை ஒட்டவைக்கும் பசை லிக்னின். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அந்த லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. வெளுத்த இழைகள் மட்டும் மேலே நிற்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கேடு தோலளவே. அடியில் மரம் உறுதியாகவே இருக்கும். ஆகவே சாம்பல் பூத்த தேக்கைக் கண்டதும் ‘மரம் செத்தது’ என்று எண்ணிவிடக் கூடாது. அப்படியே விட்டுவிடுவதும் ஒரு முறைதான். பல படகுகளின் மேல்தளம் அப்படித்தான் விடப்படுகிறது.

பழைய நிறம் வேண்டுமென்று விரும்புவோர் செய்யும் முதல் தவறு கம்பி பிரஷை எடுப்பது. அது மென்மையான இழைகளைப் பறித்து மேனியைப் பள்ளமும் மேடுமாக்கிவிடும். அதன் இரும்புத் துகள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கறுத்துப் புள்ளி விழும். மென்மையான பிரஷைக் கொண்டு, இழை ஓடும் திசைக்குக் குறுக்காக, சோப்பு நீரால் தேய்க்க வேண்டும். கறை போகாவிட்டால் ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தடவி, நன்றாகக் கழுவிவிட வேண்டும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடலாகாது. பிறகு நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் இழையின் போக்கில் இலேசாகத் தேய்த்தால் பொன்னிறம் வெளிப்படும்.

இனிப் பூச்சு. ஆளி விதை எண்ணெய் மலிவு. ஆனால் நாளடைவில் கறுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். டங் எண்ணெய் அதைவிட மேல். எந்த எண்ணெயானாலும் அடிக்கடி பூசவேண்டும். வார்னிஷ் நெடுநாள் நிற்கும். ஆனால் தேக்கின் எண்ணெய்ப் பசை அதை ஒட்டவிடாது. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைப்பது இதற்காகவே. முதற் பூச்சை நீர்க்கக் கலந்து மரத்தினுள் ஊறவிட்டு, அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக ஆறேழு முறை பூசுவார்கள். இடையிடையே உப்புத்தாள் போடுவார்கள். கூர்மையான விளிம்புகளை முன்னதாகவே மழுக்கி உருட்டிவிட வேண்டும். இல்லையேல் விளிம்பில் பூச்சு மெலிந்து அங்கேதான் முதலில் பிளக்கும். பிளந்த இடத்தில் நீர் புகுந்தால் வார்னிஷ் தோல் உரிவதுபோல் உரியும். அப்புறம் முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

படகுக்கான வார்னிஷில் இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருள் அதில் கலந்திருக்க வேண்டும். மற்றொன்று, அது வளைய வேண்டும். காற்றில் வளையும் பாய்மரத் தண்டுகளுக்காக அதிக எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ்தான் படகு வார்னிஷின் மூதாதை. வீட்டு மேசைக்குப் பூசும் கடின வார்னிஷ் படகில் வெடித்துவிடும். மரம் அசையும்போது பூச்சும் அசைய வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் தேக்கிலிருந்து பரிசலுக்குத் தாவிவிடலாம்.

பரிசலில் தேக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் பரிசலோட்டிப் பிழைப்பவன் தேக்குக்கு எங்கே போவான்? அவனுக்குக் கிடைப்பது மூங்கில். தேக்குக்கு இருக்கும் காப்பு ஒன்றுகூட மூங்கிலுக்கு இல்லை. வைரப்பகுதி இல்லை, நஞ்சூட்டும் எண்ணெய் இல்லை. மாறாக, பூச்சிகள் விரும்பியுண்ணும் மாச்சத்து நிறைய உண்டு. மூங்கில் உளுத்துப்போவது அதனால்தான். சிறு வண்டு துளையிட்டுத் தின்று மாவாக உதிர்த்துவிடுகிறது. ஆகவே முற்றிய மூங்கிலாக, மூன்று நான்கு வயதுடையதாகப் பார்த்து வெட்டவேண்டும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார் எங்கள் மாமா, அவர் பரிசலோட்டி. பிறையைவிடப் பருவமே முக்கியம் என்பது என் கட்சி. மழைக்காலத்தில் குருத்துவிட்டு முடிந்த மூங்கிலில் மாச்சத்து குறைந்திருக்கும். வெட்டியதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மிச்சத்திலும் ஒரு பங்கு கரைந்துபோகும். மாமாவும் ஊறப்போடுகிறார், காரணத்தில்தான் எங்களுக்குள் வேறுபாடு.

பிளந்த மூங்கிற்பட்டைகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் பின்னி, கூடைபோல் வளைத்து, விளிம்பில் தடித்த வளையம் கட்டுகிறார்கள். ஏறக்குறைய ஏழடி அகலம். கைதேர்ந்தவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆணி கிடையாது, எல்லாம் பின்னலும் கட்டும். பாறையில் மோதினால் உடையாமல் நெளிந்துகொடுப்பது இதனால்தான். பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், கூடைபோல் வட்டமாய், வெளியே தோல் போர்த்த படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். காவிரியிலும் தோல்தான் வழக்கமாக இருந்தது. தோல் நனைந்தே கிடந்தால் அழுகும். எனவே ஒவ்வொரு நாளும் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து கரையேற்றி, காயப்போட வேண்டியிருந்தது.

இன்று தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பு பிடித்துக்கொண்டது. அதன்மேல் உருக்கிய தார். இங்கேதான் ஒரு புதிர். பிளாஸ்டிக்கே நீரைத் தடுக்கிறதே, தார் எதற்கு? பாறை உராய்வைத் தாங்க, தையலையும் ஓட்டையையும் அடைக்க என்று சொல்வார்கள். அது உண்மை. மற்றொன்றும் உண்டு: வெயிலைத் தாங்க. பாலித்தீன் புற ஊதாக் கதிரில் மொறமொறத்துக் கிழியும். கரிய தார் அக்கதிரைத் தன் மேற்பரப்பிலேயே விழுங்கிக்கொள்கிறது. அதாவது, தேக்குக்கு வார்னிஷில் கலந்த பொருள் செய்யும் வேலையைப் பரிசலுக்குத் தார் செய்கிறது. விலையில்தான் மலையும் மடுவுமான வேற்றுமை!

ஆனால் தாரும் முதுமை அடையும். சாலை போடும் தார் என்பது பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்த பின் நிற்கும் கசடு. வெயிலும் காற்றும் பட்டு அது மெல்ல மெல்ல இறுகும், இறுகினால் வளையாது, வளையாதது வெடிக்கும். நெளிகின்ற பரிசலின்மேல் நெளியாத பூச்சு எத்தனை நாள் நிற்கும்? பழைய தாரின்மேல் புதுத் தாரை அப்பிக்கொண்டே போவது பலருடைய வழக்கம். பரிசல் கனக்கும், அடியிலுள்ள வெடிப்பு மறையும், மூடாது. பொருக்கு விட்டதைச் சுரண்டி, காயவைத்து, மெல்லிதாகப் பூசுவதே சரி. தேக்குக்குச் சொன்ன அதே முறை! பரிசல் ஈரமாக இருக்கையில் பூசினால் சூடான தாரின் அடியில் நீர் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும். கொதிக்கும் தாரில் ஒரு கை நீர் விழுந்தால் பொங்கித் தெறிக்கும். எங்கள் பக்கத்தில் முழங்கையில் தார்த் தழும்பு இல்லாத பரிசல்காரர் அபூர்வம்.

தார் பூசும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கின் ஆறுகளில் ஓடிய ‘குஃபா’ என்னும் வட்டப்படகும் கூடைப் பின்னல்தான். பூச்சு, நிலத்தில் ஊறும் தார். பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் 2014இல் வெளியிட்ட நூலில், ஊழிவெள்ளக் கதையின் பேழையை வட்டமான, தார் பூசிய பெரும் பரிசலாகவே வருணிக்கும் பாபிலோனியக் களிமண் பலகையொன்றை விளக்கினார். நோவாவும் மாமாவும் ஒரே தொழிற்சங்கம்!

விடுமுறையில் ஒகேனக்கல் போகும் நண்பர்கள் அங்கே பரிசல் ஏறாமல் திரும்புவதில்லை. நீர்வரத்து மிகும்போது பரிசலோட்டம் நிறுத்தப்படும். அப்போது கூடுதல் காசு காட்டி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மற்ற நாளில், பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும்போதே அடிப்புறத்தைப் பாருங்கள். தார் மினுமினுத்தால் நல்லது. வறண்ட குளத்துச் சேறுபோல் பாளம்பாளமாக வெடித்திருந்தால் அடுத்த பரிசலுக்குப் போங்கள். உட்புறத்தில் மூங்கிலுக்கடியில் மஞ்சள் மாவு உதிர்ந்திருந்தால் உளு புகுந்துவிட்டது என்று பொருள். விளிம்பு வளையத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள்; கட்டு நெகிழ்ந்து ஆடக் கூடாது. மிதவை உடுப்பைக் கேட்டு வாங்கி அணியுங்கள். பரிசல்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல பரிசல் வைத்திருப்பவர் தாமே கவிழ்த்துக் காட்டுவார்.

புதுத் தார் கையில் ஒட்டினால் சோப்பு மட்டும் போதாது. தேங்காயெண்ணெயைத் தேய்த்துக் கரைத்த பிறகு சோப்பு போடுங்கள்; போய்விடும். வேட்டியில் ஒட்டினால் கொஞ்சம் கடினம்.