பழந்தேயிலையும் பூசண நாற்றமும்: வீட்டில் சேமிக்கும் முறையும் மீட்கும் வழியும்

பழமை ஏற ஏற மதிப்பு உயரும் பண்டங்கள் சிலவே. பழைய நெல்லைக் குத்திய அரிசி குழையாமல் உதிரியாக வேகும் என்பதும், பழம்புளிக்குக் குழம்பிலும் கைமருந்திலும் தனி இடம் உண்டு என்பதும் நம் வீடுகளில் யாவரும் அறிந்தனவே. ஆயினும், நெற்குதிரின் ஓரத்தில் மழைநீர் கசிந்துவிட்டால், பழமையின் பெருமை போய் மக்கல் நாற்றமே மிஞ்சும். பழமை வேறு, கெடுதல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு விளக்கிக் காட்டும் பண்டம் ஒன்று சீன தேசத்தில் உண்டு. அதுவே புவேர் என்னும் பழந்தேயிலை. அதனைச் சேமிக்கும் முறையையும், பூசண நாற்றம் ஏறியபின் மீட்கும் வழியையும் அறிந்துகொள்வது, தேயிலை வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, தானியமும் எண்ணெய் வித்தும் சேமித்து வைக்கும் விவசாயிகளுக்கும் பயன் தருவதாகும்.

புவேர் தேயிலை யாது?

இது சீன தேசத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில் விளைவது. அஸ்ஸாமில் பயிராகும் பெரிய இலைத் தேயிலை ரகமே இங்கும் வளர்கிறது. பறித்த இலையை இரும்புச் சட்டியில் வாட்டி, கையாலோ இயந்திரத்தாலோ உருட்டி, வெயிலில் உலர்த்துவார்கள். பின்னர் அதனை நீராவியில் இளக்கி, வட்ட வில்லைகளாக அழுத்துவார்கள். வழக்கமான வில்லை ஒன்றின் எடை 357 கிராம். ஏழு வில்லைகளை அடுக்கி மூங்கில் பாளையில் கட்டினால் சுமார் இரண்டரைக் கிலோ எடையுள்ள ஒரு கட்டு ஆகும். முற்காலத்தில் கோவேறு கழுதைகளின் மீது மலைவழியாகத் திபெத்து வரையில் தேயிலையைக் கொண்டுசெல்வதற்கு இவ்வாறு அழுத்திக் கட்டும் முறை மிகவும் வசதியாக இருந்தது.

இதில் இரு தினுசுகள் உண்டு. பச்சைத் தினுசு, வில்லையாக்கியபின் பல வருஷங்கள் கிடந்து தானாகவே பக்குவமடைவது. புதிதில் கசப்பும் துவர்ப்பும் மிகுந்து, காலம் செல்லச் செல்ல நிறம் கறுத்துச் சுவை மென்மையாகும். பழுத்த தினுசு என்பது, அப்பக்குவத்தை விரைவில் உண்டாக்குவதற்காக 1973-ஆம் வருஷத்தை அடுத்துக் குன்மிங் நகரத்துத் தேயிலைச் சாலையில் உருவாக்கப்பட்ட முறையால் செய்யப்படுவது. இலையைக் குவித்து, நீர் தெளித்து, துணியால் மூடி, உட்சூடு ஏறியதும் கிளறிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரையில் பழுக்க விடுவார்கள். கம்போஸ்டுக் குவியலை நனைத்துப் புரட்டிப் பழகிய குடியானவர் எவருக்கும் இம்முறையின் தத்துவம் உடனே விளங்கும். இரண்டிலும் வேலை செய்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே.

பக்குவமும் பூசணமும்

தேயிலை பக்குவமடைவதற்குச் சிறிதளவு ஈரமும், மிதமான உஷ்ணமும், காற்றும் வேண்டும். முற்றிலும் உலர்ந்த இடத்தில் பக்குவம் மிக மெதுவாகவே நடைபெறும். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள குன்மிங்கில் சேமித்த தேயிலை நறுமணத்துடன் இருப்பினும், நீண்ட காலம் இளமை மாறாமலே கிடக்கும். இதற்கு மாறாக, ஹாங்காங்கில் வசந்த காலத்தில் சுவர்களே வியர்க்கும் அளவிற்குக் காற்றில் ஈரம் மிகுதி. அவ்வூர் வியாபாரிகள் இந்த ஈரத்தையே கருவியாகக் கொண்டு, தேயிலையைச் சில காலம் ஈரக் கிடங்கில் அடுக்கி, பின்னர் உலர்ந்த காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றி நாற்றம் நீங்கும்வரை ஆறவிடுவது வழக்கம். கிடங்கில் எவ்வளவு காலம் வைப்பது, எப்பொழுது வெளியே எடுப்பது என்பதை அநுபவமுள்ள கைகளே நிர்ணயிக்கும். அந்த இரண்டாம் பாதியை, அதாவது ஆறவிடும் வேலையை, வீட்டுக்காரர் பலர் அறிவதில்லை. அதுவே மக்கு நாற்றத்தைப் போக்கும் முறைக்கு மூலமாகும்.

வீட்டில் சேமிக்கும் முறை

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 முதல் 70 வரையிலும், உஷ்ணம் 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரையிலும் இருப்பது ஏற்றது. ஈரப்பதம் 75-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூசணம் பிடிக்கும் அபாயம் உண்டு. ஈரத்தை அளக்கும் கருவி இல்லாதவர்கள் கீழ்க்கண்ட எளிய சோதனையைச் செய்யலாம். சுத்தமான மேசை உப்பைச் சிறு தட்டில் பரப்பித் தேயிலை உள்ள இடத்தில் வைக்கவேண்டும். அவ்வுப்பு ஏறக்குறைய 75 சதவிகித ஈரப்பதத்திலேயே கசிந்து நீர்க்கத் தொடங்கும். ஆகவே, தட்டில் உப்பு நனைந்திருக்கக் கண்டால் தேயிலையை உடனே இடம் மாற்றவேண்டும். கல்லுப்பில் வேறு உப்புக்களும் கலந்திருப்பதால் அது முன்னதாகவே கசியும். இச்சோதனைக்கு அது உதவாது.

தேயிலையைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல், பலகையின் மீது வைக்கவேண்டும். வெயில் நேராகப் படலாகாது. தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை விரைவில் இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆதலால் சமையலறை, பூஜையறை, மருந்துப் பெட்டி, கற்பூரம், சோப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகில் வைத்தல் கூடாது. குளிர்ப்பெட்டியும் உதவாது, அங்கிருந்து வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த இலையின் மீது நீர் பூத்துவிடும். பச்சைத் தினுசையும் பழுத்த தினுசையும் தனித்தனியே வைப்பது நலம். மழைக்காலத்தில் வாரத்திற்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கவேண்டும்.

நாற்றம் ஏறிய தேயிலையைச் சோதித்தல்

வில்லையை வெளிச்சத்தில் வைத்து மூன்று வகையில் சோதிக்கவேண்டும். சோதிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டிற்கு வெளியே இவ்வேலையைச் செய்வது அவசியம். இரைப்பு நோய் உள்ளவர்கள் இதில் கை வைத்தலாகாது.

முதலாவது, கண்ணால் காண்பது. இலை தன் உருவோடு தெளிவாகத் தெரிந்து, மேலே எவ்விதப் படலமும் இன்றி, நாற்றம் மட்டும் இருக்குமாயின் அது மீட்கத்தக்கது. பச்சை, மஞ்சள், கறுப்பு நிறங்களில் பஞ்சு போன்ற பூசணம் காணப்பட்டால் அது மீட்கத்தக்கதன்று. வெண்பூசணம் படர்ந்திருந்தாலும், அநுபவமில்லாதவர்கள் அதனை விலக்கிவிடுவதே உத்தமம். ஹூனான் மாகாணத்துச் செங்கல் தேயிலை ஒருவகையில், வேண்டுமென்றே வளர்க்கப்படும் பொன்னிறப் புள்ளிகள் உண்டு. அவ்வழக்கத்தைச் சான்றாகக் கொண்டு, புவேர் வில்லையின் மீதுள்ள மஞ்சள் பூசணத்தை நல்லதென எண்ணுவது தவறு.

இரண்டாவது, கையால் அறிவது. உலர்ந்த வில்லையின் காம்பு வளைத்தால் ஒடியும். மெத்தென்று வளையுமாயின் உள்ளே ஈரம் நிற்கிறது. வில்லையைப் பிளந்து நடுப்பாகத்தையும் பார்க்கவேண்டும். மேலே சுத்தமாக இருந்து உள்ளே பூசணம் பிடித்திருப்பதும் உண்டு.

மூன்றாவது, நாற்றத்தின் தன்மையை அறிவது. கோடைமழை பட்ட மண்ணின் வாசனையும், பழைய மரப்பெட்டியின் வாசனையும் பழுத்த தினுசுக்கு இயல்பானவை. நனைந்த கோணிச்சாக்கின் நாற்றமும், தொண்டையைக் கரிக்கும் புளித்த நாற்றமும் கெடுதலின் அடையாளங்கள்.

மீட்கும் வழி

பூசணப் படலம் இன்றி நாற்றம் மட்டும் ஏறிய தேயிலையை மற்றத் தேயிலையிலிருந்து முதலில் பிரிக்கவேண்டும். கறைபட்ட காகிதத்தையும் மூங்கில் பாளையையும் எறிந்துவிட்டு, வில்லையை மழுங்கிய கத்தியால் அடுக்கு அடுக்காகப் பிரித்து, முறத்திலோ மூங்கில் தட்டிலோ மெல்லியதாகப் பரப்பவேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில், வறண்ட நாட்களில் மட்டும், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையில் உலர்த்தி, மாலையில் உள்ளே எடுத்துவிடவேண்டும். விரைவில் முடிக்கக் கருதிக் கடும்வெயிலில் காயவைத்தால், மக்கு நாற்றத்தோடு நல்ல மணமும் போய்விடும்.

பின்னர், மெருகிடாத புதிய மண்சாடியை நன்கு கழுவி உலர்த்தி, அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவிற்கு நிரப்பி, வாயைப் பருத்தித் துணியால் கட்டிவைக்கவேண்டும். மாதத்திற்கு ஒரு முறை சிறிது காய்ச்சிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் குணம் தெரிவதும் உண்டு. ஆறு மாதத்திற்கு மேல் ஆவதும் உண்டு. பொறுமையே இதில் முக்கிய மருந்து.

அவசரமாகக் குடிக்க வேண்டியிருந்தால், அன்றன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் சுத்தமான இரும்புச் சட்டியில், கை பொறுக்கும் சூட்டில், சில நிமிஷங்கள் கிளறி ஆறவிடலாம். முழுவதையும் இவ்வாறு வறுத்தால் கருகல் சுவை ஏறும். மேலும் பக்குவமடையும் தன்மையும் குன்றும். காய்ச்சும்பொழுது, 100 மில்லி நீருக்கு 5 கிராம் என எடுத்து, கொதிநீரை ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துக் கொட்டவேண்டும். இவ்வாறு இருமுறை செய்து, மூன்றாம் நீரையே அருந்தவேண்டும்.

மீட்க முயலலாகாதது

மேற்கூறிய கழுவும் முறை நாற்றத்தைக் குறைக்குமே அன்றி, விஷத்தைப் போக்காது. 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அதிலிருந்த விஷத்திற்கு அப்லடாக்ஸின் என்று பெயர் வழங்கலாயிற்று. அது ஈரலைக் கெடுப்பது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது எனவும் நிச்சயிக்கப்பட்டுள்ளது. கொதிநீரின் சூட்டிற்கு அது அழிவதில்லை. பூசணம் பிடித்த கடலையைத் தேய்த்துத் துடைத்து நல்ல கடலையோடு கலப்பது எத்தகைய பிழையோ, பூசணம் பிடித்த தேயிலையைத் துடைத்து அருந்துவதும் அத்தகைய பிழையே. விலையை எண்ணி அதனை வைத்துக்கொள்ள வேண்டாம். குழிவெட்டிப் புதைத்துவிடுவதே முறை.

பழமையைப் பணமாக எண்ணியவர்கள்

பழந்தேயிலைக்கு விலை ஏறும் என்ற நம்பிக்கையால் சீன தேசத்தில் பலர் அதனைத் தங்கத்தைப்போல் வாங்கிச் சேர்த்தனர். 2007-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் விலை உச்சத்தை எட்டியது. அவ்வருஷ நடுவிலேயே சரிந்து விழுந்தது. வியாபாரிகளோடு, கடன் வாங்கிச் சேர்த்தவர்களும் நஷ்டமடைந்தனர். விலை விழுந்தபின் சரக்கு கையில் நின்றது. நின்ற சரக்கைக் காக்க இடமும் முறையும் இல்லாதவர்களுக்கு ஈரத்தால் இரண்டாவது நஷ்டமும் நேரிடும். மஞ்சளையும் மிளகாயையும் விலைக்காக இருப்பு வைக்கும் நம் விவசாயிகளுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். நீலகிரியில் விளைந்து கடைகளில் விற்கும் சாதாரணத் தேயிலைத் தூள் பழமையால் சிறப்படைவதன்று. அது நாளாக ஆக மணம் இழந்து சாரமற்றுப் போகும். அதனைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துச் சில மாதங்களுக்குள் உபயோகித்துவிடுவதே நன்று. புவேரைக் காற்றில் வைப்பதும், சாதாரணத் தூளை மூடி வைப்பதும் ஒன்றுக்கொன்று மாறான முறைகள். ஒன்றன் முறையை மற்றொன்றுக்குக் கையாண்டால் இரண்டும் கெடும்.

சுருங்கக் கூறின், ஈரத்தை அளந்து வைப்பது, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பார்ப்பது, நாற்றம் கண்டவுடன் பிரித்து ஆறவிடுவது, பூசணம் கண்டதைத் தயங்காமல் ஒழிப்பது ஆகிய நான்கும் கடைப்பிடிக்கத்தக்கவை. கிராமத்தில் பொதுக் கிடங்கைப் பார்வையிடும் அதிகாரிகளும், உப்புத் தட்டுச் சோதனையைத் தானியக் கிடங்கில் செய்து பார்ப்பது நலம். செலவு ஒரு பிடி உப்பே. அதனால் காக்கப்படுவதோ ஒரு வருஷத்து உழைப்பு.