வாய்வழி நீரேற்றமும் வைத்தியர் திலீப் மகலனாபிஸும்

வயிற்றோட்டத்தின்போது உடலிலிருந்து நீருடன் உப்புகளும் வெளியேறுகின்றன. இவ்விழப்பு ஈடுசெய்யப்படாவிடின் நோயாளி இறக்க நேரிடலாம். இதனை எளிய முறையில் தடுக்கலாம் என நடைமுறையில் காட்டியவர்களுள் ஒருவர் இந்திய வைத்தியரான திலீப் மகலனாபிஸ் (1934–2022).

1971 இல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தை வந்தடைந்தனர். எல்லை நகரான பொங்காவில் கொலரா பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் போதவில்லை. எனவே அவர் 1 லீற்றர் நீருக்கு குளுக்கோசு 22 கிராம், கறியுப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் வீதம் கலந்த கரைசலைப் பருகக் கொடுத்தார். உறவினர்களே நோயாளிகளுக்கு அதனைப் பருக்கினர். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்திலும் குறைந்தது. எனினும், வைத்தியர் பலர் இம்முறையை உடனடியாக ஏற்கவில்லை. பின்னர் உலக சுகாதார ஸ்தாபனம் இதனைப் பல நாடுகளிலும் பரப்பியது. அவ்வேலைத்திட்டத்திலும் அவர் பணியாற்றினார். 2023 இல் இந்திய அரசு அவருக்கு, மறைவின் பின்னர், பத்ம விபூஷண் விருதை வழங்கியது.

விளக்கம்: சிறுகுடலில் சோடியம் அயன்கள் குளுக்கோசுடன் சேர்ந்து அகத்துறிஞ்சப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து பிரசாரணம் மூலம் நீரும் உட்செல்கின்றது. கொலராவின்போதும் இச்செயன்முறை தடைப்படுவதில்லை. ஆகவே நீர் மாத்திரம் பருகுவது போதுமானதன்று.

நினைவிற்கொள்க: நாம் பயன்படுத்தும் ஜீவனியும் இதே தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. கொதித்தாறிய நீரில், பொதியில் குறிப்பிட்ட அளவின்படியே கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்புச் செறிவு கூடித் தீங்கு விளையும்.

வினா: இக்கரைசலில் குளுக்கோசு சேர்க்கப்படுவதற்கான காரணத்தை விளக்குக.