ஸ்ப்ரே கன்னுக்கு எத்தனை லிட்டர் காற்று வேண்டும்?

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், வண்டிகளுக்கு வண்ணம் பூசும் கூடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். தெற்கே திரும்பினால் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இத்தகைய கார் ஆலைகளில் பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் ரோபோவின் கை. அந்தக் கையின் நுனியில் மணி போன்ற சிறு உலோகக் கிண்ணம் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும். அதன் விளிம்பிலிருந்து சிதறும் துளிகளுக்குப் பல பத்தாயிரம் வோல்ட் மின்னேற்றம் உண்டு. அதனால் அவை கார் உடலைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன. கூடத்தின் வெப்பம், ஈரம், தூசு எல்லாமே கட்டுப்பாட்டில் இருக்கும்.

அதே சாலையின் உள்தெருக்களில் கேட், கிரில், பீரோ, பழைய பைக் டேங்க் என்று வீட்டு வாசலிலேயே பெயின்ட் அடிப்பவர்கள் பலர். ஒரு எச்.பி. அல்லது 2 எச்.பி. கம்ப்ரஸர், பச்சை ஹோஸ், ஒரு கன். பஞ்சர் கடைக்கோ மர வேலைக்கோ கம்ப்ரஸர் வாங்கியவர்கள், ‘இதுலயே பெயின்டும் அடிச்சுக்கலாமே’ என்று கன் தேடுகிறார்கள். எல்லா வேலைக்கும் ஒரே கன் கிடைக்குமா என்பது அவர்களுடைய கேள்வி. ஓரளவுக்குக் கிடைக்கும். ஆனால் கடையில் கன்னைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் கம்ப்ரஸரின் காற்றை அளந்துகொள்ள வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில், கன் செய்யும் வேலை என்ன? திறந்த குழாயிலிருந்து மெல்லிய நூலாக விழும் தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே துளித்துளியாக அறுந்துவிடுவதைப் பார்த்திருப்போம். நீரின் பரப்பு இழுவிசை அந்த நூலை நூலாக இருக்க விடுவதில்லை. எவ்வளவு தூரத்தில், எந்த அளவுத் துளிகளாக அறும் என்பதற்கு ரேலி பிரபு 1878இல் கணக்கு எழுதினார். ஸ்ப்ரே கன்னில் நடப்பதும் இதுதான், ஆனால் பலமடங்கு வேகத்தில். நடுவில் நாசில் வழியாகப் பெயின்ட் வருகிறது. அதைச் சுற்றியுள்ள வளையம் வழியாகக் காற்று பாய்கிறது. மெதுவாக வரும் பெயின்டை வேகமாக ஓடும் காற்று உரசி இழுத்து இழைகளாக்க, அந்த இழைகள் துளிகளாக அறுகின்றன. கன்னின் முன்மூடியான ஏர் கேப்பின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளிலிருந்து வரும் காற்று, வட்டமான இந்தத் துளிப் புகையை அமுக்கித் தட்டையான விசிறியாக்குகிறது. ஒரு மில்லி பெயின்ட் 50 மைக்ரான் துளிகளாக உடைந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி துளிகள் ஆகும். அத்தனையையும் அறுப்பது காற்றுதான். காற்று குறைந்தால் துளி பெரிதாகும், பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். கம்ப்ரஸர் விளம்பரங்கள் முன்னிறுத்துவது அழுத்தத்தை: 8 பார், 115 பி.எஸ்.ஐ. கன்னுக்கு அந்த அழுத்தம் தேவையே இல்லை. பெரும்பாலான கன்கள் 2 முதல் 3 பாருக்குள் வேலை செய்கின்றன. கன்னுக்கு வேண்டியது அளவு: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று, கடைக்காரர் மொழியில் எத்தனை சி.எஃப்.எம். ஒரு சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். சிறிய பிஸ்டன் கம்ப்ரஸர் ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் கொடுத்தால் நல்லது. தகட்டில் இதைவிடப் பெரிய எண் இருக்கலாம். அது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளிழுக்கும் கொள்ளளவு. கசிவும் சூடும் போக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

2 எச்.பி. மோட்டாரும் 50 லிட்டர் டேங்கும் உள்ள ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். அதில் கார் பட்டறைக்காரர் வைத்திருக்கும் பெரிய எச்.வி.எல்.பி. கன்னை மாட்டுகிறோம். அது நிமிடத்துக்கு 340 லிட்டர் குடிக்கும்; மோட்டார் தருவது 200. பீரோவின் கதவில் மேலிருந்து தொடங்கி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பாதிக்குப் பாதி மேற்படிய அடித்து வருகிறோம். டேங்க் 8 பாரிலிருந்து 6க்கு இறங்கும்வரை மோட்டார் ஓடவே இல்லை. பிறகு ஓடத் தொடங்குகிறது, ஆனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ட்ரிகரை விடாமல் பிடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் டேங்க் 3 பாருக்கு வந்துவிடும். கதவின் மேல்பாதி கண்ணாடிபோல் இருக்கும். கைப்பிடிக்குக் கீழே சொரசொரப்பு தெரியும். அடியில் பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் துப்பியிருக்கும். ‘காத்து பத்தலைண்ணே’ என்று உதவியாள் சொல்லும்போது ஈரமான கதவை அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் மேல்பாதி இழுத்துக்கொண்டிருக்கும். சேர்த்த இடம் தழும்பாகத் தெரியும். வாங்கியவர் கன்னைத் திட்டுவார். கன்மீது தப்பே இல்லை.

எச்.வி.எல்.பி. என்பதன் பொருள் ‘காற்று அதிகம், அழுத்தம் குறைவு’. பழைய பாணிக் கன்னில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிச் சீறும். துளிகள் நன்றாக உடையும்தான், ஆனால் பொருளில் மோதிய காற்று திரும்பும்போது அவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஊற்றிய பெயின்டில் மூன்றில் ஒரு பங்குதான் கதவில் தங்கும். மீதி தரை, செடி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், நம் நுரையீரல். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் காற்று மாசு விதிகள் இதற்குத் தடை போட்டன: ஏர் கேப்பில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் கூடாது, 65 விழுக்காடு பெயின்டாவது பொருளில் படிய வேண்டும் என்றன. 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வெளிவரும் காற்று ஒலியின் வேகத்தைத் தொடாது. வேகம் குறைந்ததை ஈடுகட்ட அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. பட்டறையின் 5 எச்.பி., 7.5 எச்.பி. கம்ப்ரஸருக்கு அது பொருட்டல்ல. வீட்டு கம்ப்ரஸருக்கு மூச்சு முட்டும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் எல்.வி.எல்.பி. வந்தது: காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. ஏர் கேப்பின் துளைகளை மாற்றி அமைத்து, நிமிடத்துக்கு 110 முதல் 150 லிட்டருக்குள் பெயின்டை உடைக்கும்படி செய்த கன்கள் இவை. விசிறி கொஞ்சம் குறுகல், வேலை கொஞ்சம் மெதுவு. முழுக் காரை ஒரே மூச்சில் அடிப்பவருக்கு இது சரிப்படாது. கேட்டுக்கும் பீரோவுக்கும் தாராளம். 2 எச்.பி. கம்ப்ரஸர் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: கப் மேலே இருக்கும், 600 மில்லி பிடிக்கும் ஒரு எல்.வி.எல்.பி. கன், கூடவே மாற்றிப் போட 1.4 மி.மீ., 1.8 மி.மீ. என்று இரண்டு நாசில் செட். ஒரு எச்.பி. கம்ப்ரஸர் என்றால், இதே அமைப்பில் 0.8 அல்லது 1 மி.மீ. நாசில் உள்ள சின்ன கன்னோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பைக் டேங்க், நாற்காலி, கதவு கைப்பிடி வரைக்கும் அது போதும்.

கப் ஏன் மேலே இருக்க வேண்டும்? கப் கீழே தொங்கும் கன்னில் பெயின்டை மேலே உறிஞ்சவே காற்றின் ஒரு பகுதி செலவாகிறது. இருப்பதே குறைவான காற்று. அதை அதில் செலவழிப்பானேன்? மேலே இருந்தால் பெயின்ட் தன் எடையிலேயே இறங்கும், கடைசிச் சொட்டு வரைக்கும் வரும்.

நாசில் அளவு பெயின்டின் கனத்தைப் பொறுத்தது. எனாமலுக்கும் லேக்கருக்கும் 1.4, பிரைமருக்கு 1.8. வாங்கும்போது நாசில், நீடில், ஏர் கேப் மூன்றும் செட்டாகக் கிடைக்கிறதா, பின்னாளில் தனியே வாங்க முடியுமா என்று கேளுங்கள். நாசிலை மட்டும் மாற்றினால் நீடில் சரியாக உட்காராது, சொட்டும். சுவருக்கு எமல்ஷன் அடிக்க மட்டும் இந்தக் கன்னை நம்ப வேண்டாம். அதற்கு ஏர்லெஸ் பம்பு வேறு சாதனம். அது காற்றின் துணையில்லாமல் பெயின்டையே 2,000 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தி உடைக்கிறது.

தின்னர் கலப்பதைக் கண்ணளவில் செய்யும் பழக்கத்தை விட்டுவிடலாம். அடியில் 4 மி.மீ. ஓட்டையுள்ள பி4 கப் எளிதில் கிடைக்கிறது. பெயின்டை நிரப்பி, அது ஒழுகி முடிய எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். பெரும்பாலான எனாமலுக்கு 20 முதல் 25 வினாடி சரியாக இருக்கும். மே மாத வெயிலில் காலையில் கலந்தது மதியத்துக்குள் கெட்டியாகிவிடும்; திரும்ப அளக்க வேண்டும்.

ஹோஸ் விஷயம் சின்னதுபோல் தெரியும். 6 மி.மீ. உள்விட்டமுள்ள 10 மீட்டர் ஹோஸில் கன்னுக்கு வருவதற்குள் அழுத்தம் கணிசமாகக் குறைந்துவிடும். 8 அல்லது 10 மி.மீ. ஹோஸ் போடுங்கள். கன்னின் அடியில் சின்ன கேஜ் ஒன்றை மாட்டி, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே அழுத்தத்தைப் பாருங்கள். ட்ரிகரை விட்டபின் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இனி ஈரம். இந்த ஊருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 24 அடி ஆழத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும் செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில், கடலும் தொலைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இங்கே சாதாரணம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஆவியாக 23 கிராம் தண்ணீர் இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தினால் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறியபின் அந்த இடத்தில் 3 கிராம் ஆவிதான் தங்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகப் பிரிந்தே ஆக வேண்டும். எல்.வி.எல்.பி. கன்னில் ஒரு மணி நேரம் அடித்தால் 7 கன மீட்டர் காற்று போகும். அதாவது 140 கிராம் தண்ணீர், ஒரு சின்ன டம்ளர் அளவு.

அது எங்கே பிரிகிறது என்பதுதான் முக்கியம். தொடர்ந்து ஓடும் கம்ப்ரஸரின் டேங்க் சூடாக இருக்கும். தண்ணீர் ஆவியாகவே அதைக் கடந்துவிடும். டேங்க் வாயிலேயே மாட்டிய வாட்டர் ட்ராப் பெரும்பகுதியைப் பிடிக்காது. ஹோஸில் போகப்போகக் காற்று ஆறி, தண்ணீர் கன்னுக்குள் வந்து கொட்டும். எனவே கம்ப்ரஸரிலிருந்து நாலைந்து மீட்டர் இரும்பு பைப் ஓட்டி, காற்று ஆறியபின் ட்ராப்பையும் ரெகுலேட்டரையும் மாட்டுங்கள். பைப் கம்ப்ரஸர் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தால் தண்ணீர் திரும்பி ஓடிவிடும். வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்துவிட வேண்டும்; இல்லையென்றால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இவ்வளவு செய்தாலும் மழை நாளில் லேக்கர் வெளுத்துப்போகலாம். தின்னர் ஆவியாகும்போது பெயின்டின் மேற்பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படிகிறது. நல்ல கன்னாலும் இதைத் தடுக்க முடியாது. மெதுவாக ஆவியாகும் தின்னர் கொஞ்சம் கைகொடுக்கும். வெயில் வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதே மேல்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கம்ப்ரஸரின் ப்ரஷர் சுவிட்ச் பொறி பறக்கவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. 2 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் ஆகாது. தூரம் வேண்டுமென்றால் வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள்.

பழைய கிரில்லைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசு வீட்டுக் குழந்தைகளின் வாய்க்குப் போகக் கூடாது. அடிக்கும்போது கைக்குட்டை கட்டிக்கொள்வதால் பயனில்லை, துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிக் கேட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க் எனாமலுக்கும் லேக்கருக்கும் போதும்.

ஹார்ட்னர் கலக்கும் 2கே பெயின்டை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். அதிலுள்ள ஐசோசயனேட் மூக்குக்குத் தெரியாத அளவிலேயே நுரையீரலைப் பாதிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிது பட்டாலே ஆஸ்துமா கிளம்பும். பெயின்டர்கள் தொழிலையே விடும்படி ஆகியிருக்கிறது. பிரிட்டனில் இதை அடிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டே அடிக்க வேண்டும். கார் கதவுக்கு அந்தப் பளபளப்புதான் வேண்டும் என்றால், ஸ்ப்ரே பூத்தும் அந்த முகமூடியும் உள்ள பட்டறையில் கொடுத்துவிடலாம். பிரைமரை வீட்டிலேயே அடித்துத் தேய்த்துத் தயாராகக் கொண்டுபோனால் கூலியும் குறையும்.