மீதேசிய ஆட்சியில் முகவரகங்கள்: புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

முதலாளித்துவ அரசு பற்றிய மார்க்சிய ஆய்வுகளில் 'சார்புநிலைச் சுயாதீனம்' என்னும் கருத்தாக்கம் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அரசு ஆளும் வர்க்கத்தின் வெறுங் கருவியன்று. அவ்வர்க்கத்தின் நீண்டகால நலனைப் பேணும்பொருட்டு அதன் உடனடி விருப்பங்களிலிருந்து ஓரளவு விலகி நிற்கக்கூடியது என்பதே அதன் சாரம். இக்கருத்தாக்கம் தனித் தேச அரசை மனங்கொண்டு உருவானது. பல அரசுகள் தம் இறைமையின் ஒரு பகுதியைப் பொது அதிகாரமொன்றிடம் ஒப்படைக்கும் மீதேசிய ஆட்சியில் இச்சுயாதீனம் எவ்வடிவம் பெறுகின்றது? அவ்வாட்சிக்கு உட்படாத, ஆனால் அதன் தீர்மானங்களைத் தாங்கி நிற்கும் புத்தளக் கரையோரத்தை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் மூலவேர் 1951ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையாகும். நிலக்கரி, உருக்குத் தொழில்களை நிருவகிக்க 1952இல் உயர் அதிகாரசபை இயங்கத் தொடங்கிற்று. பழைய இரும்பு தொடர்பான நிதி ஏற்பாட்டை அச்சபை புறம்பான அமைப்புகளிடம் விட்டபோது மெரோனி என்னும் இத்தாலிய உருக்கு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வரையறுத்த நிறைவேற்றுப் பணிகளை வெளியமைப்புகளுக்கு ஒப்படைக்கலாம். பரந்த தற்றுணிபு அதிகாரத்தை ஒப்படைக்கலாகாது என நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்தது. 2014இல் வேறொரு வழக்கில் இவ்வரம்பு ஓரளவு தளர்த்தப்பட்டதாயினும், அதன் அடிப்படை இன்றும் நிலைத்துள்ளது.

1975இல் தொழிற்பயிற்சிக்கும் வாழ்க்கை, தொழில் நிலைமைகளுக்குமென இரு முகவரகங்கள் நிறுவப்பட்டன. இன்று அவற்றின் தொகை முப்பதுக்கு மேற்பட்டது. மாட்டுப் பித்த நோய் நெருக்கடியின் பின்னர் 2002இல் தோன்றிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இத்தாலியின் பார்மா நகரிலும், 2005இல் நிறுவப்பட்ட மீன்பிடிக் கட்டுப்பாட்டு முகவரகம் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்திலும் அமைந்துள்ளன. முன்னையது ஆபத்தை மதிப்பிட்டு அறிவுரை கூறுகின்றது. பின்னையது உறுப்பு நாடுகளின் கண்காணிப்பை ஒருங்கிணைப்பதோடு ஆணைக்குழுவுக்குத் துணைபுரிகின்றது. தீர்மானிப்போர் ஆணைக்குழுவும் அமைச்சர் பேரவையுமே. எனவே அறிவு ஓரிடத்தும் ஆணை பிறிதோரிடத்தும் நிற்கின்றன. தீர்மானத்திற்குப் பொறுப்பு யாதெனக் கேட்டால், அரசியலாளர் நிபுணரையும் நிபுணர் அரசியலாளரையும் சுட்டலாம்.

முகவர் என்ற சொல்லே பிறரொருவரின் பொருட்டு முன்நிற்பவரைக் குறிப்பது. ஆதலின் ஒவ்வொரு முகவரகமும் யாருக்காக முன்நிற்கின்றது என்பதே நமது வினாவாகும்.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான கரையில் இவ்வமைப்பு இரு வழிகளாற் புகுகின்றது. ஒன்று, இறால் குளம். ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் வளர்ப்பு இறாலில் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இல்லையென ஏற்றுமதி நாடு உறுதிப்படுத்தல் வேண்டும். மற்றையது, ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலம். 2010 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, பிடிபட்ட மீன் சட்டபூர்வமானது என்பதற்குக் கலத்தின் கொடிநாடு சான்றளித்தல் வேண்டும்.

இவ்விதியின் கீழ் 2012 நவம்பரில் இலங்கைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆழ்கடற் கலங்களின் கண்காணிப்பும் தண்டனைகளும் போதாவென்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2015 ஜனவரியில் இலங்கைக் கலங்கள் பிடித்த மீனின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சட்டத் திருத்தங்களும் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகளும் நடைமுறைக்கு வந்தபின், 2016 ஜூனில் தடை நீங்கியது.

இங்கு குற்றம் சில கலங்களுடையது. அவற்றை அடக்கத் தவறியது அரசு. தண்டனையோ கொடி முழுவதற்கும் உரியது. பலநாட் கலத்தில் எரிபொருள், பனிக்கட்டி, உணவு முதலிய செலவுகளைக் கழித்து எஞ்சியதே உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்காகின்றது. செலவு குறையாது விலை மட்டும் வீழ்ந்தால் அச்சுமை முதலில் தொழிலாளியின் பங்கையே அரிக்கும். ஒழுங்குவிதியின் வாசகத்தில் இத்தொழிலாளிக்கு இடமில்லை. அதன் விளைவிலோ அவனே முதலிடம் பெறுகின்றான்.

வீகோ முகவரகத்தின் நிருவாகசபையில் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் ஒரு பிரதிநிதியும் ஆணைக்குழுவுக்கு அறுவரும் உளர். சிலாபத்து மீனவருக்கோ அவருடைய அரசுக்கோ அங்கு ஆசனமில்லை. இதனை இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவுடன் ஒப்பிடலாம். 1993இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அமைந்த அவ்வாணைக்குழுவில் இலங்கையும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர். இரண்டுக்கும் வாக்கு ஒன்றே. ஆயினும் சந்தையின் வாயிலை மூடும் வலு அவ்வாக்கினுள் அடங்குவதன்று. மேசையில் சமத்துவமும் சந்தையில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நிலவுதல் ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் இயல்பேயாகும்.

இதனால் ஒழுங்குமுறை யாவும் வேண்டாதவை எனக் கொள்வது பிழையாகும். தனியார் இலாபம் மட்டுமே ஆட்சி செய்தால் விளைவது யாதென்பதை இக்கரை தன் அனுபவத்தாற் கண்டது. 1980களிலிருந்து கண்டற் காடுகளையும் உப்புச் சதுப்புகளையும் அழித்துக் குளங்கள் பெருகின. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்தவர்களே கழிவு நீரையும் அதனுள் விட்டனர். ஒருவர் குளத்து நோய் மற்றவர் குளத்திற்குப் பரவியது. 1996இல் வந்த வெண்புள்ளி நோய் தொழிலைச் சரித்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன.

1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் ஓர் அரைச் சுயாதீன அமைப்பே. கரையோரத்தை வலயங்களாகப் பிரித்து, எவ்வலயம் எப்பொழுது குஞ்சு விடுதல் வேண்டுமெனப் பயிர் நாட்காட்டி வகுக்கும் முறையில் அச்சபையுடன் பண்ணையாளர் சங்கங்களும் பங்குகொள்கின்றன. விதிக்குட்படுவோர் விதியாக்கத்திலும் பங்குபெறுவதே இம்முறையின் சிறப்பு. எனினும் சங்கங்களில் அமர்வோர் குளவுடைமையாளர். குளத்திற் கூலிக்கு இறங்குவோரும், களப்பில் வலைவீசிப் பிழைப்போரும் இன்னும் வெளியிலேயே நிற்கின்றனர்.

ஆகவே, முகவரகம் அமைச்சரிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் கொண்டு மட்டும் அதன் சுயாதீனத்தை அளத்தல் போதாது. அது யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளது என்பதே முதன்மையான அளவுகோல். தீர்மானத்தின் விளைவைச் சுமப்போருக்கு, எல்லைக்கு அப்பாலுள்ளோராயினும், அத்தீர்மானம் உருவாகும் இடத்திற் குரல் இருத்தல் வேண்டும். அக்குரலை அரசுகள் தாமாக வழங்கா. உடப்பின் கரைவலைத் தொழிலாளரும், சிலாபத்துக் கலத்தொழிலாளரும், இறால் குளத்துக் கூலிகளும் மொழி, மத வேற்றுமைகளைக் கடந்து அமைப்பாகத் திரளும்போதே அக்கோரிக்கை வரலாற்றுச் சக்தியாக மாறும்.