பிள்ளைகள் பார்ப்பதைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

சிறுவர் இதழான ‘அம்புலிமாமா’ 1947 ஜூலையில் தொடங்கியது. மாதம் ஒருமுறை வந்தது. 1972-இல் ‘கோகுலம்’ வந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பின்னாளில் அதன் ஆசிரியராக இருந்தார். 1984-இல் வெளிவந்த ‘பூந்தளிர்’ சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் பொறுப்பில் வளர்ந்தது. எந்தக் கதை பிள்ளைக்கு ஏற்றது, எந்தப் படம் அதை மிரட்டும், எந்தச் சொல் அதற்குப் புரியாது என்று யோசித்துப் பக்கம் பக்கமாக அமைக்க அந்த இதழ்களில் ஆள் இருந்தார். சந்தா கட்டுவதோடும் கடையில் வாங்கித் தருவதோடும் பெற்றோரின் வேலை முடிந்தது. தேர்ந்தெடுக்கும் வேலையை அவர்களுக்காக வேறொருவர் செய்துவைத்திருந்தார்.

தொலைக்காட்சியும் முதலில் அப்படித்தான் இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியபோது இருந்தது ஒரே அலைவரிசை, மாலையில் சில மணி நேரம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலை ஒரு திரைப்படம். தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த ஊர்களில் பஞ்சாயத்து டிவி முன்னாலோ பக்கத்து வீட்டு வாசலிலோ எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். தாத்தாவும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளைக்கு எழுந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். ‘இன்னும் ஒன்று’ என்று கேட்க வழியில்லை.

திரையரங்கில் தணிக்கைச் சான்றிதழ் காவல் நின்றது. ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரை விடக்கூடாது என்பது சட்டம். 1983-இல் ‘யு/ஏ’ என்ற புதிய பிரிவு வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அந்தப் படத்துக்கு அழைத்துப் போகலாமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று அது சொன்னது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வீட்டுக்கு மாறத் தொடங்கியதற்கு அதை ஓர் ஆரம்ப அடையாளமாகவே நான் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இதழை மாதாமாதம் வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. நூலகம் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு ஆண்டு முழுதும் பாடப்புத்தகம் மட்டுமே கதி. வெள்ளிக்கிழமைப் பாட்டிலும் ஞாயிற்றுக்கிழமைப் படத்திலும் பிள்ளைகள் பார்க்கத் தகாத காட்சிகள் வந்தன. அன்று கிடைத்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றிருந்தார்.

கட்டு தளர்ந்த காலம்

1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டிவி வந்தது. கேபிள் இணைப்பு தெருத்தெருவாகப் பரவியது. 2006-க்குப் பிறகு தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி ஏழை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2007-இல் பிள்ளைகளுக்கென்றே சுட்டி டிவி தொடங்கி, டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். பார்க்கும் நேரம் கூடியது. பக்கத்தில் உட்காரும் பெரியவர்கள் குறைந்தார்கள். ஆனாலும் எந்த நேரத்தில் எது என்று அட்டவணை போட அங்கே ஒரு நிலையம் இருந்தது. பெட்டி கூடத்தில் இருந்ததால், அடுப்படியில் வேலையாக இருந்த அம்மாவின் காதிலாவது சத்தம் விழுந்தது.

2016-இல் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே கைபேசிக்குள் போனது. ‘என் பிள்ளை கையில் போனே கொடுக்க மாட்டேன்’ என்றிருந்த பெற்றோரும் கொடுத்தார்கள். வேறு வழி இல்லை. பள்ளி திறந்த பிறகும் போன் திரும்பி வரவில்லை.

இன்று

இப்போது பிள்ளை பார்ப்பது அதன் உள்ளங்கையில் இருக்கிறது. திரை அதன் பக்கம் திரும்பியிருக்கிறது, காதில் இயர்போன். ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடுகிறது. அந்த அடுத்ததைத் தேர்ந்தெடுத்தவர் வாண்டுமாமா இல்லை. பார்ப்பவரைத் திரையை விட்டு நகராமல் வைத்திருக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட கணினி நிரல் அது. அதற்குப் பிள்ளையின் வயது சரியாகத் தெரியாது. பிள்ளையின் மனம் சுத்தமாகத் தெரியாது. தெரிந்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் பிள்ளைகளைச் சென்றடைந்தது 2017-இல் உலகெங்கும் அம்பலமானது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல குடும்பங்களில் நல்ல போன் ஒன்றுதான், அதுவும் அப்பாவுடையது. அவர் இரவில் பார்த்த சண்டைக் காட்சியும் அரசியல் வசையும் கொலைச் செய்தியும், மறுநாள் காலையில் அதே கணக்கில் பாப்பா பாட்டு தேடும் பிள்ளைக்குப் பரிந்துரையாக வந்து நிற்கின்றன.

சட்டம் தன் பங்குக்குச் சில கருவிகளைத் தந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் ஒவ்வொரு படைப்புக்கும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது குறிக்க வேண்டும். 13+ பிரிவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டு போடும் வசதி தர வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் திரையரங்குப் படங்களுக்கும் இதே வயதுப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. ஆனால் பூட்டைத் தருவதுதான் சட்டத்தின் வேலை. அதைப் பூட்ட வேண்டியவர்கள் நாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பிள்ளைக்குத் தனிக் கணக்கு. சிறு பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் செயலியைப் போட்டுக் கொடுங்கள். அப்பாவின் போனிலேயே இருந்தாலும் அவர் பார்த்தவை அதற்குள் வந்து கலக்காமல் இருக்கும். பெற்றோர் அனுமதித்த காணொளிகள் மட்டும் தெரியும்படியும், தேடும் வசதி இல்லாதபடியும் அதில் மாற்றி வைக்கலாம். சிறு பிள்ளைக்கு அதுவே நல்லது. ஓடிடியில் சிறுவருக்கான பக்கத்தைத் திறந்து, பெரியவர் பக்கத்துக்குக் கடவு எண் போடுங்கள். போனைத் திறக்கும் எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டாம். போனின் எண் பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

அடுத்தது, முதல் அத்தியாயத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது. வயதுக் குறியீடு வன்முறையையும் ஆபாசத்தையும் ஓரளவு சொல்லும். உங்கள் பிள்ளையின் சுபாவம் அதற்குத் தெரியாது. ஒரு பிள்ளை சிரிக்கும் காட்சி இன்னொரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். பார்க்கும்போதே சிலவற்றைக் கவனியுங்கள். கதை நின்று நிதானமாகப் போகிறதா, அல்லது நொடிக்கு நொடி காட்சி மாறி மூச்சு முட்டுகிறதா? எதையாவது வாங்கச் சொல்லிக் கேட்க வைக்கிறதா? நிறத்தையோ உடலையோ சாதியையோ கேலி செய்கிறதா? பார்த்து முடித்த பிள்ளை விளையாடப் போகிறதா, அழுது அடம் பிடிக்கிறதா?

விளையாட்டுச் செயலி என்றால் இரண்டு கேள்விகள் முக்கியம். முன்பின் தெரியாதவர் பிள்ளையோடு பேச முடியுமா? விளையாட்டுக்குள் பணம் கட்ட முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், அந்த வழியை அடைத்த பிறகே கொடுங்கள்.

நேரத்துக்கும் கணக்கு வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். சோறூட்ட போன் காட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நம் கையிலும் போன் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. எத்தனை பூட்டுப் போட்டாலும் என்றாவது ஒரு நாள் பிள்ளை பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடும். அதை வந்து சொல்லும்போது அடித்தாலோ போனைப் பிடுங்கினாலோ, அடுத்த முறை அது நம்மிடம் சொல்லாது. ‘சொன்னது நல்லதாப் போச்சு கண்ணா’ என்று பக்கத்தில் உட்கார்த்திக் கேளுங்கள். இணையத்தில் யாராவது மிரட்டினாலோ படம் கேட்டாலோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கோ தயங்காமல் அழையுங்கள்.

கூடாதவற்றைத் தள்ளினால் மட்டும் போதாது. நல்லதைத் தேடித் தரவும் வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்துகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. காகிதப் பொம்மை செய்து அறிவியல் கற்பிக்கும் அரவிந்த் குப்தாவின் காணொளிகள் தமிழிலும் உள்ளன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். நூலகம் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அன்று எட்டாத செல்வம் இது. தேடிப் பிடித்துக் கையில் கொடுக்க ஆள்தான் வேண்டும்.

இதை ஒவ்வொரு பெற்றோரும் தனியாகச் செய்துவிட முடியாது. செயலியின் அமைப்புகளை மாற்றப் பிள்ளையின் உதவியையே நாடும் பெற்றோர் இங்கே ஏராளம். அது அவர்கள் குற்றமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெற்றோரின் போனிலேயே இவற்றைச் செய்து காட்டச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்போம். கிளை நூலகங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதைக் கையில் எடுக்கட்டும். பத்திரிகையின் ஆசிரியர் செய்த வேலையை இன்று அம்மாவும் அப்பாவும்தான் செய்தாக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.