தலைக்கு மேலே வியாழன்

கோள்களைப் படம்பிடிக்க விரும்புகிறவருக்கு வன்னியிலுள்ள மாங்குளம் கொடுத்துவைத்த இடம். ஏ9 வீதியை விட்டுச் சற்று உள்ளே போனாலே நல்ல இருட்டு கிடைக்கும்; ஆனால் வியாழனும் சனியும் நகர வெளிச்சத்திலும் தெரியக்கூடிய அளவுக்குப் பிரகாசமானவை, அவற்றுக்கு இருட்டு பெரிய தேவையில்லை. மாங்குளத்தின் செல்வம் அதன் இருப்பிடம். அது பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறது. சூரியனும் சந்திரனும் கோள்களும் ஏறத்தாழ ஒரே பாதையில் வானைக் கடக்கின்றன. அந்தப் பாதை வன்னியில் எந்த ஆண்டும் அடிவானை விட்டு வெகு உயரத்திலேயே போகிறது. 2019இல் வியாழன் அந்தப் பாதையின் தென்கோடியை ஒட்டி நின்றது. லண்டனில் அது அடிவானுக்கு மேலே 16 பாகைதான் ஏறியது. மாங்குளத்தில் 58 பாகை. பிரித்தானியாவின் பெயர்பெற்ற கோள் ஒளிப்படக்காரர் டேமியன் பீச், கோள்கள் உயர நிற்கும் வானைத் தேடிக் கரிபியத் தீவான பார்படோஸுக்குப் போய்ப் படம் எடுத்தவர்.

உயரம் ஏன் முக்கியம்? இடையில் காற்று இருக்கிறது. 16 பாகை உயரத்தில் நிற்கும் கோளின் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான காற்றைத் துளைத்து வர வேண்டும். சூடும் குளிரும் கலந்து புரளும் அந்தக் காற்று ஒளியை இங்கும் அங்கும் வளைக்கிறது. குளத்தடியில் கிடக்கும் காசு, அலையில் நெளிவதைப்போலக் கோளும் நெளிகிறது.

கோள்கள் மிகச் சிறியனவாகத் தெரிவதால் இந்த நெளிவு பெருங்கேடாகிறது. ஒரு பாகையை 3,600 விகலைகளாகப் பிரிக்கிறார்கள். முழுநிலவின் குறுக்களவு ஏறத்தாழ 1,800 விகலை. நமக்கு அருகில் வரும்போது வியாழன் ஏறத்தாழ 45 விகலை; நிலவின் குறுக்கே நாற்பது வியாழன்களை வரிசையாக வைக்கலாம். 200 மில்லிமீற்றர் ஆடி கொண்ட தொலைநோக்கி 0.6 விகலை அளவு நுணுக்கத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். சாதாரண இரவில் காற்றோ ஒன்றிரண்டு விகலை அளவுக்குப் படத்தைக் கலைத்துவிடுகிறது. கருவி தருவதைக் காற்று பறித்துக்கொள்கிறது.

ஆனால் காற்று எப்போதும் ஒரே மாதிரிப் புரள்வதில்லை. இடையிடையே, ஒரு வினாடியின் சிறு பங்கு நேரத்துக்கு, அது அடங்குகிறது. அப்போது வியாழனின் பட்டைகளும் அவற்றின் ஓரச் சுழல்களும் துல்லியமாகத் தெரிந்து மறைகின்றன. அந்தக் கணங்களைப் பிடிப்பதுதான் கோள் பார்ப்பவரின் முழுத் தொழிலும்.

இந்தத் தொழிலை நம் பக்கத்து மண்ணில் உச்சத்துக்குக் கொண்டுபோன ஒருவர் இருந்தார். கொழும்பில் 1867இல் பிறந்த பெர்சி மோல்ஸ்வர்த், பிரித்தானிய இராணுவப் பொறியியற் படை அதிகாரி. மாங்குளத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலையில் பணியாற்றியபடி, பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைநோக்கியால் வியாழனையும் செவ்வாயையும் பார்த்தார். வியாழனின் புள்ளிகள் அதன் நடுக்கோட்டைக் கடக்கும் நேரங்களை ஆயிரக்கணக்கில் குறித்துவைத்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு புதிய கருங்குழப்பத்தைக் கண்டார். ‘தென் வெப்பமண்டலக் குழப்பம்’ என்று பெயர்பெற்ற அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. மோல்ஸ்வர்த் 1908இல் காலமானார். செவ்வாயிலுள்ள ஒரு பெருங்குழிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அமைதியான கணத்துக்காகக் கண்ணைப் பதித்துக் காத்திருந்து, கண்டதை நேரத்தோடு எழுதிவைத்ததே அவர் கையாண்ட முறை.

இன்று அந்தக் காத்திருப்பைக் கமரா ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோளை ஒற்றைப் படமாக எடுப்பதில்லை, வீடியோவாக எடுக்கிறார்கள். வினாடிக்கு 100 சட்டங்கள் வீதம் மூன்று நிமிடம் ஓடவிட்டால் 18,000 சட்டங்கள் சேரும். அதற்கு மேல் நீட்டக்கூடாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் புள்ளிகள் நகர்ந்து இழுபடும். ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சட்டத்தையும் கூர்மைப்படி தரம்பிரிக்கிறது. பத்தில் ஒரு பங்கை, அதாவது 1,800 சட்டங்களை மட்டும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்குகிறது. தனிச் சட்டத்தில் உப்புத்தூவியதாய்த் தெரியும் இரைச்சல் இதனால் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. அடுக்கி முடிந்த படம் முதலில் மங்கலாகவே இருக்கும். ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருளில் கூர்மைப்படுத்தும்போது, அதுவரை ஒட்டிக்கிடந்த பட்டைகள் பிரிந்து, வியாழனின் பெரும்புயலான பெருஞ்சிவப்புப் புள்ளியின் விளிம்பு எழுந்து வரும்.

இதற்கு வேண்டிய கருவி பெரிதல்ல. 200 மில்லிமீற்றர் ஆடியும் 1,200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட தொலைநோக்கி, இரண்டரை மடங்கு பார்லோ வில்லை, ஒரு சிறிய கோள் கமரா, மடிக்கணினி. பார்லோவோடு குவியத்தூரம் 3,000 மில்லிமீற்றராக நீள்கிறது. கமராவின் படத்துகள் 3 மைக்ரோன் என்றால், ஒரு துகளில் 0.2 விகலை விழும். வியாழன் ஏறத்தாழ 220 துகள் அகலத்தில் பதிவாகும். இணையத்தில் பாராட்டுப்பெறும் படங்கள் பலவற்றின் அசல் அளவே இவ்வளவுதான். கமரா வாங்க முடியாதவர், கைத்தொலைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி, வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ எடுத்தும் தொடங்கலாம். அடுக்கும் முறை ஒன்றேதான்.

வன்னிக்கென்று சில கவனங்கள் உண்டு. பகலில் காய்ந்த சீமெந்து முற்றமும் தகரக்கூரையும் இரவில் வெகுநேரம் வெக்கையைக் கக்கும். புல்தரையிலோ வயல்வெளியை நோக்கிய வளவிலோ கருவியை வைப்பது நல்லது. பொழுதுபட்டவுடன் வெளியே வைத்தால் ஆடியும் காற்றின் வெப்பநிலைக்கு இறங்கும். சோளகம் வீசும் மாதங்களில் வானம் தெளிந்திருந்தாலும் குழாய் ஆடும். தைமாதப் பனி ஆடியில் படியும்; கறுப்பு மட்டையைச் சுருட்டி முகப்பில் மாட்டினால் தாமதிக்கும். துருவ நட்சத்திரம் இங்கே 9 பாகை உயரத்தில், பனைக்கும் பாலைமரத்துக்கும் பின்னால் ஒளிந்திருப்பதால், அதைப் பார்த்து ஒழுங்கமைக்கும் தாங்கிகளை இங்கு நிறுவுவது சிரமம். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய டொப்சோனியன் தாங்கி போதும். அதுவும் உச்சியைத் தொடும் கோளைத் தொடரத் திணறும் என்பதால், உச்சிக்குச் சற்று முன்னோ பின்னோ எடுக்க வேண்டும்.

இப்படி எடுக்கும் படங்கள் பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரம் வடக்கே 10 பாகையில், ஏறத்தாழ மாங்குளத்துக்குச் சமமாக இருக்கிறது. அங்கே வாழும் கிறிஸ்டோபர் கோ தொழிலால் வானியலாளர் அல்லர். வியாழனில் பூமியளவு பெரிய வெண்புயல் ஒன்று சிவப்பாக மாறியிருப்பதை 2006 பெப்ரவரியில் தம் படத்தில் கண்டு உலகுக்கு அறிவித்தார். 2009 யூலை 19 அன்று அவுஸ்திரேலியர் அன்ரனி வெஸ்லி, வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கருவடுவைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் மோதிய தடம் அது. பெரிய தொலைநோக்கிகள் அதற்குப் பிறகே அந்தப் பக்கம் திரும்பின. அவை ஒவ்வோர் இரவும் வியாழனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டு முற்றங்களால் முடியும்.

2027 பெப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேரெதிரே வருகின்றன. மாரிமழை ஓய்ந்த காலம் அது; சோளகம் தொடங்க மாதங்கள் இருக்கும்; இரண்டும் நள்ளிரவில் மாங்குளத்தின் தலைக்கு மேலே நிற்கும். வன்னியின் பாடசாலை விஞ்ஞானக் கழகம் ஒன்று இன்றே ஒரு தொலைநோக்கியோடு பழகத் தொடங்கினால், அதற்குள் கை படிந்துவிடும். எடுக்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் திகதியையும் நேரத்தையும் நிமிடம் பிசகாமல், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரத்தில் குறித்துவைக்க வேண்டும். நேரம் இல்லாத படம் அழகாக இருக்கலாம். நேரம் குறித்த படமே சான்றாகிறது. மோல்ஸ்வர்த்தின் திருகோணமலைக் குறிப்புகள் இன்றும் மதிக்கப்படுவதற்கு அதுவே காரணம்.