ஊரில் வீடு, பினாங்கில் பிள்ளை: எழுதிவைக்குமுன் அறிய வேண்டியவை

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, ஜார்ஜ் டவுனிலே கடை வைத்தும் துறைமுகத்திலே உழைத்தும் பொருள் தேடியவர்கள், அதில் ஒரு பங்கை ராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ காரைக்குடியிலோ வீடாகவும் வயலாகவும் சேர்த்துவைத்தார்கள். அந்தத் தலைமுறையின் முதியோர் பலருக்கு இன்றும் ஊரிலே பட்டா இருக்கிறது. மலேசியப் பிரஜைகளாகப் பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கோ அந்தப் பட்டாவின் சர்வே எண்கூடத் தெரியாது. சொத்தை எழுதிவைக்க எண்ணுகிறவர் பத்திர எழுத்தரைத் தேடுமுன் தெளிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: நிலம் எத்தகையது, கொடுப்பவரும் பெறுபவரும் எந்நாட்டுப் பிரஜைகள்?

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை பெற்ற பிள்ளைக்கு, இந்தியப் பிரஜையாகவோ அதே அட்டை உடையவராகவோ இருக்கும் பெற்றோர் வீட்டையும் மனையையும் கடையையும் தானமாக எழுதிக்கொடுக்கலாம். நஞ்சை, புஞ்சை, பண்ணைவீடு ஆகியவற்றை, அட்டை இருந்தபோதிலும், வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்குத் தானமாகக் கொடுக்க இடமில்லை. ஆனால் அதே நஞ்சை, பெற்றோரின் காலத்துக்குப்பின் வாரிசுரிமையாக அப்பிள்ளையை வந்தடையத் தடையில்லை. ஆகவே வீட்டுக்குத் தானமாக எழுதும் செட்டில்மெண்ட் பத்திரம், வயலுக்கு உயில் என்று பிரித்துச் செய்வதே விவேகம்.

செலவைக் குறித்து அஞ்சவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம் ஆகும்போது, குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலை முதல் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய்.

மெய்யான சங்கடம் பெயரிலே வருகிறது. ஊர்ப் பத்திரத்தில் தலைப்பெழுத்தோடு நிற்கும் அதே மனிதர், மலேசிய அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ (இன்னாரின் மகன்) என்று தகப்பனார் பெயர் நீட்டி எழுதப்பட்டு, எழுத்துக்கூட்டலும் மாறி, வேறொருவர்போலத் தோன்றுகிறார். இருவரும் ஒருவரே என்பதற்கான பிரமாணப் பத்திரத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்யாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் காரியம் நின்றுபோகும். பிரயாணம் செய்ய இயலாத முதியவர், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இன்ன சொத்தை இன்னாருக்குத் தானமளிக்க என்று தெளிவாகக் குறிப்பிட்ட பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். எழுதியவர் காலமானாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்தப் பவர் செல்லாது. மறதி நோய் தலைகாட்டும் வீடுகளில் காலதாமதம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை இதனால் உணரலாம்.

எனினும், அவசரத்தில் பெற்றோரை நிர்க்கதியாக்கிவிடலாகாது. என் முதன்மையான கவலை இதுவே. பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்ற பிள்ளை கைவிட்டால், அந்தத் தானத்தை ரத்துச்செய்ய இந்தியாவின் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவுக்குப் பெற்றோர் சார்பாகத் தாராளமாகப் பொருள்கொண்டது. ஆனால் அச்சட்டம் மூத்த குடிமகன் என்று சொல்வது இந்தியப் பிரஜையை மட்டுமே. மலேசியாவில் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் பாட்டனார் அதன் நிழலில் ஒதுங்கலாம். நீல அட்டை பெற்று மலேசியப் பிரஜையானவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆதலால் அவர் தம் பத்திரத்திலேயே ஜீவிய காலம்வரை வசிக்கும் உரிமையும் வாடகை பெறும் உரிமையும் தமக்கும் தம் மனைவிக்கும் உண்டென்று எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளையிடம் எவ்வளவு அன்பிருப்பினும் அவ்வரிகளை விட்டுவிடலாகாது.

பினாங்கு வீட்டைப் பிள்ளைக்கு மாற்றும் வழி இதைவிட எளிது. 2023 ஏப்ரல் 1 முதல், பெறும் பிள்ளை மலேசியப் பிரஜையானால், அன்பின் நிமித்தம் செய்யும் மாற்றத்தில் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. மிகுதிக்குப் பாதித் தீர்வைதான். பிள்ளை அயல்நாட்டுப் பிரஜையாகியிருந்தால் இச்சலுகை கிட்டாது. மாநில அரசின் சம்மதமும் வேண்டும்.

ஊர்ச் சொத்தைப் பொறுத்தவரை, செட்டில்மெண்ட் பதிவானதும் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பட்டா மாறுதலுக்கும் உடனே மனுச் செய்யவேண்டும். உயிலின் மூலப் பிரதி எங்கே இருக்கிறதென்பது பெண்மக்கள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.